2015ல் தண்ணீரில் இறக்கிய நாசகாரி 2021ல்தான் படையில் சேர்ந்தது: நடுவில் என்ன செய்தார்கள்?

மே 17, 2025, கேள்வி

ஐஎன்எஸ் விசாகப்பட்டினம் என்ற நாசகாரிப் போர்க்கப்பலுக்கு (டெஸ்ட்ராயர்) 2013 அக்டோபரில் மும்பை மசகான் டாக் கப்பல் கட்டும் தளத்தில் கீல் (அடிக்கட்டை) போட்டார்கள். 2015 ஏப்ரலில் கடலில் இறக்கினார்கள். படையில் சேர்ந்தது 2021 நவம்பர் 21. கப்பலைக் கட்ட ஒன்றரை வருஷம், பெயின்ட் அடிக்க ஆறரை வருஷமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மே 17, இரவு 11.20

தண்ணீரில் இறங்கிய அன்று அது பாதிக் கப்பல்கூட இல்லை. முழுச் சுமையோடு 7,400 டன் நிற்கிற கப்பல் இது. இதே வரிசையில் மூன்றாவதான இம்பால் 2019ல் இறங்கியபோது எடை சுமார் 3,000 டன்தான். மிச்சம் 4,400 டன் எங்கிருந்து வந்தது என்று யோசித்தாலே உங்கள் ஆறரை வருஷத்தில் பாதிக்குப் பதில் கிடைக்கும். எரிபொருளும் தண்ணீரும் குண்டும் அதில் ஒரு பங்கு. ரேடார், பீரங்கி, ஏவுகணைக் குழல்கள், பம்பு, குளிரூட்டி, குழாய், கேபிள், படுக்கை, சமையலறை எல்லாம் சேர்ந்தது மீதி.

இறக்கு விழாவில் நாம் டிவியில் பார்ப்பது வெளிக்கூட்டை மட்டும். மேலே கொடி கட்டி, சாம்பல் நிறம் பூசி வைத்திருப்பதால் முடிந்த கப்பல் மாதிரி தெரியும். உள்ளே போனால் சுவரில் வரிசையாக ஓட்டைகள்தான் இருக்கும். கேபிள் போக ஓட்டை, குழாய் போக ஓட்டை, காற்றுக்குழல் போக ஓட்டை.

இந்த வேலையில் இருந்தவன் நான். ஒரு துணை ஒப்பந்ததாரரிடம் கேபிள் இழுக்கும் குழுவில் மேற்பார்வை. இந்தக் கப்பல் இல்லை, வேறு போர்க்கப்பல்கள். எந்தத் தளம், எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. நாளைக்கு நேரம் கிடைத்தால் மேலும் எழுதுகிறேன்.

மே 18, காலை

எண்களைப் பார்த்துவிடுவோம், அப்புறம் பேசலாம்.

விசாகப்பட்டினம்: கீல் 2013 அக்டோபர், இறக்கியது 2015 ஏப்ரல், கடற்படையிடம் ஒப்படைத்தது 2021 அக்டோபர்.

சூரத், இதே வரிசையில் கடைசிக் கப்பல்: கீல் 2019 நவம்பர், இறக்கியது 2022 மே, ஒப்படைத்தது 2024 டிசம்பர். படையில் சேர்ந்தது 2025 ஜனவரி 15.

முதல் கப்பல் கரையில் நின்றது 18 மாதம், தண்ணீரில் நின்றது 78 மாதம். கடைசிக் கப்பல் கரையில் 30 மாதம், தண்ணீரில் 31 மாதம். கரையில் அதிக நாள் நிறுத்திய சூரத்தான் சீக்கிரம் முடிந்தது. மொத்தக் கணக்கில் எட்டு வருஷம் ஐந்து வருஷமாகச் சுருங்கியிருக்கிறது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. இறக்கிய தேதியை வைத்துக் கைதட்டும் பழக்கத்தை நாம் விட வேண்டும். சீக்கிரம் இறக்குவது வேகம் ஆகாது.

மே 18, மதியம்

ஏன் கரையில் செய்தால் வேகம் என்று கேட்டிருக்கிறார்கள்.

கப்பலை இப்போது துண்டு துண்டாகக் கட்டுகிறார்கள். பிளாக் என்பார்கள். ஒவ்வொரு பிளாக்கையும் பட்டறைக்குள் கூரைக்குக் கீழே வைத்து வெல்ட் செய்து, முடிந்த அளவு குழாயும் கேபிள் தட்டும் உள்ளே பொருத்தி, பிறகு தூக்கிக்கொண்டு போய் ஸ்லிப்வேயில், அதாவது கப்பலைத் தண்ணீரில் இறக்கும் சரிவில், ஒன்றோடு ஒன்று சேர்ப்பது. மசகானில் 300 டன் தூக்கும் கோலியாத் கிரேன் இருக்கிறது. சூரத்தின் உடலை இரண்டு வெவ்வேறு ஊர்களில் கட்டி மும்பையில் சேர்த்தார்கள்.

பட்டறையில் பிளாக்கைத் தலைகீழாகப் புரட்டி வைத்துக்கொண்டு வெல்டர் உட்கார்ந்து கீழ்நோக்கி வேலை செய்யலாம். அதே வெல்ட் இணைப்பைக் கப்பலுக்குள் செய்தால் கழுத்தை அண்ணாந்து, தீப்பொறி முகத்தில் கொட்ட, ஒரு ஆள் நுழையும் துளை வழியாக வெல்டிங் கேபிளை இழுத்துக்கொண்டு போய்ச் செய்ய வேண்டும். கரையில் ஒரு மணி நேர வேலை தண்ணீரில் மிதக்கும்போது பல மணி நேரம் இழுக்கும். மும்பை மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம்.

மே 19

எஃகு பற்றி ஒரு குறிப்பு. விசாகப்பட்டினம் முதல் சூரத் வரையான நான்கு கப்பல்களின் வரிசைக்கு 15பி என்று பெயர். அவற்றுக்குப் போட்டது டிஎம்ஆர் 249ஏ. ஹைதராபாத்தில் இருக்கும் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகமும் செயில் நிறுவனமும் சேர்ந்து கொண்டுவந்த உள்நாட்டு எஃகு. முந்தைய 15ஏ வரிசைக்கு ரஷ்யாவிலிருந்து போர்க்கப்பல் எஃகு வருவதில் ஏற்பட்ட தாமதம் அந்தத் திட்டத்தையே பின்னுக்குத் தள்ளியது. உக்ரைனிலிருந்து வரவேண்டிய ஷாஃப்ட்டும் (சுழல்தண்டு) புரொப்பெல்லரும் வராமல் வேறு இடம் தேட வேண்டி வந்தது. அந்த வரிசையின் முதல் கப்பலாக 2003ல் கீல் போட்ட ஐஎன்எஸ் கொல்கத்தா 2014ல் சேர்ந்ததற்கு இவையெல்லாம் காரணம். தாமதத்தை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. தாமதம் எங்கே விளைகிறது என்று காட்டத்தான்.

இந்த மாதிரி உறுதி கூடிய எஃகில் வெல்டிங் ஏனோதானோவென்று செய்ய முடியாது. வெல்டிங் ராடான எலெக்ட்ரோடை அடுப்பில் சுட வைத்து, சூடு போகாமல் கைப்பெட்டியில் எடுத்துக்கொண்டு போவார்கள். வெளியே எடுத்து வைத்த ராடு ஈரத்தை உறிஞ்சும். ஈரத்தில் இருக்கிற ஹைட்ரஜன் வெல்டுக்குள் போய்விட்டால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. ஆறின பிறகு, சில சமயம் மறுநாள், உள்ளே விரிசல் விடும். அதனால்தான் வெல்ட் முடிந்த கையோடு சோதிக்காமல், நேரம் விட்டு எக்ஸ்ரேயோ அல்ட்ராசோனிக்கோ எடுப்பார்கள். மும்பைக் காற்றின் ஈரப்பதத்தில் இந்தக் கட்டுப்பாட்டைக் காப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. நல்ல வெல்டருக்குக் கப்பல் கட்டும் யார்டில் இருக்கும் மரியாதை பல இன்ஜினியர்களுக்குக் கிடையாது. கிடைக்க வேண்டிய மரியாதைதான் அது.

மே 20, இரவு

சீனாவோடு ஒப்பிட்டு எழுதியவருக்கு. ஆமாம், அவர்கள் வேகம் அதிகம். அவர்களின் 055 ரக நாசகாரிகளில் முதல் கப்பல் நான்சாங் 2017 ஜூனில் இறங்கி 2020 ஜனவரியில் சேர்ந்துவிட்டது. இரண்டரை வருஷம், அதுவும் நம்முடையதைவிட மிகப் பெரிய கப்பல். இதை ஒப்புக்கொள்ளாமல் பேசுவதில் பயன் இல்லை.

பிரிட்டனின் 45 ரகத்தில் முதல் கப்பல் டேரிங் 2006 பிப்ரவரியில் இறங்கி 2009 ஜூலையில் சேர்ந்தது. சேர்ந்த பிறகுதான் அந்த ரகத்துக்குப் பெரிய தலைவலி. வெப்பக் கடல்களில் ஓடும்போது டர்பைன் எஞ்சினோடு இணைந்த குளிர்விப்பான் தாக்குப்பிடிக்காமல் மின்சாரமே நின்றுபோனது. இப்போது ஒவ்வொன்றாக டாக்கில் ஏற்றி, டீசல் ஜெனரேட்டர்களை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் நாசகாரி ஸும்வால்ட் 2016 அக்டோபரில் படையில் சேர்ந்தது. ஆயுதம், மின்னணு எல்லாம் சேர்த்து முழுக்கப்பலாக அந்நாட்டுக் கடற்படை ஏற்றுக்கொண்டது 2020 ஏப்ரலில்.

ஆகவே படையில் சேர்த்த தேதியும் முழுக்கதையைச் சொல்லாது. நம் ஊர் உதாரணமே இருக்கிறது, அதைத் தனியாக எழுதுகிறேன்.

மே 23

வடகொரியச் செய்தியை ஒருவர் பகிர்ந்திருக்கிறார். சோங்ஜின் துறையில் 5,000 டன் நாசகாரியைப் பக்கவாட்டில் இறக்கும்போது பின்பகுதி முதலில் சறுக்கி, முன்பகுதி மேலேயே மாட்டிக்கொண்டு கப்பல் சாய்ந்துவிட்டது. 21ஆம் தேதி, அதிபர் கண்ணெதிரே.

அங்கே யார் என்ன தவறு செய்தார்கள் என்று இங்கிருந்து தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனால் இறக்குதல் என்பது ஏன் பயத்தோடு செய்கிற காரியம் என்று அந்தப் படம் காட்டுகிறது. ஸ்லிப்வேயில் கப்பல் பின்புறமாக இறங்கும்போது, பின்பகுதி தண்ணீரில் மிதக்கத் தொடங்கும் ஒரு கணம் வரும். அப்போது முன்பகுதி இன்னும் சரிவில்தான் உட்கார்ந்திருக்கும். கப்பலின் எடையில் தண்ணீர் தாங்காத பங்கு முழுவதும் முன்முனைக்குக் கீழே உள்ள ஒரு சின்ன இடத்தில் விழும். உடல் அங்கே நசுங்காமல் இருக்க உள்ளே தற்காலிகத் தாங்கல் கொடுத்திருப்பார்கள். அதற்கு முன்பே தண்ணீர் போதாமல் போனால் பின்பகுதி கீழே தொங்கிவிடும். அதனால் கடல்நீர் ஏற்றம் பார்த்து நாள் குறிப்பார்கள். மும்பைத் துறைமுகத்தில் ஏற்ற இறக்க வித்தியாசம் அதிகம். உச்ச ஏற்றம் நாலரை மீட்டரைத் தாண்டும் நாட்கள் உண்டு. அமைச்சர் வருகையும் அலை அட்டவணையும் மோதினால் அலைதான் ஜெயிக்கும்.

அதர்வ வேத மந்திரம், தேங்காய், ஒரு பெண்மணி பெயர் சூட்டுவது இதெல்லாம் முடிந்து கப்பல் நகரத் தொடங்கும்போது யார்டுக்காரர்கள் யாரும் மேடையைப் பார்க்க மாட்டார்கள். சறுக்குப் பலகையைத்தான் பார்ப்பார்கள்.

மே 25, நீளமாக எழுதுகிறேன்

என் வேலையைப் பற்றிக் கேட்டதால்.

ஒரு போர்க்கப்பலுக்குள் சுவர் என்பது அறையைப் பிரிக்க மட்டும் இல்லை. ஒரு பகுதியில் ஓட்டை விழுந்து கடல் உள்ளே வந்தால் அடுத்த பகுதிக்குப் போகாமல் நிறுத்துவதும், தீயை நிறுத்துவதும் அதன் வேலை. பல்க்ஹெட் என்போம். ஆனால் முன்னால் இருக்கும் ரேடாருக்கும் பின்னால் இருக்கும் ஜெனரேட்டருக்கும் கேபிள் போயே ஆக வேண்டும். அது ஒவ்வொரு பல்க்ஹெட்டையும் துளைத்துக்கொண்டுதான் போகும். துளைத்த இடத்தில் தண்ணீரும் புகையும் போகக்கூடாது. எப்படி?

பல்க்ஹெட்டில் ஜன்னல் மாதிரி ஒரு எஃகுச் சட்டம் வெல்ட் செய்திருக்கும். அந்தச் சட்டத்துக்குள் கேபிள்களை விட்டு, ஒவ்வொரு கேபிளையும் இரண்டு பாதி ரப்பர் கட்டைக்கு நடுவே வைக்க வேண்டும். கட்டையின் நடுவில் அரைவட்டக் குழி. அந்தக் குழி வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய அடுக்குகளால் ஆனது. கேபிளின் பருமனுக்குத் தக்கபடி ஒவ்வொரு அடுக்காக உரிக்க வேண்டும். இரண்டு பாதியையும் கேபிள் மேல் வைத்துப் பிடித்தால் நடுவில் ஒரு மில்லிமீட்டருக்குள் இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளியே இல்லாவிட்டால் கேபிளைப் பிடிக்காது, நீர் போகும். அதிகம் இருந்தால் சட்டத்துக்குள் அடங்காது. பிறகு உள்ளும் புறமும் கிரீஸ் தடவி, வரிசை வரிசையாக அடுக்கி, வரிசைகளுக்கு நடுவே தகடு வைத்து, கடைசியில் ஆப்பு மாதிரி ஒரு துண்டை நுழைத்துப் போல்ட்டை முறுக்கினால் மொத்தமும் இறுகும்.

ஒரு சட்டத்தில் நாற்பது ஐம்பது கேபிள் இருக்கும். எல்லாம் முடித்து, இறுக்கி, நிம்மதியாக நிமிரும்போது ஒரு ஆள் வந்து "இன்னொரு கேபிள் போகணும், டிராயிங் மாறிடுச்சு" என்பார். ஆப்பைக் கழற்றி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு கப்பலில் இது சாதாரணமாக நடக்கும். நடந்தே தீரும், ஏனென்றால் ஆயுதமும் மின்னணுவும் வெவ்வேறு நிறுவனங்களிலிருந்து, வெவ்வேறு நாடுகளிலிருந்து, வெவ்வேறு நேரத்தில் வருகின்றன. இஸ்ரேலோடு சேர்ந்து செய்த வான்பாதுகாப்பு ஏவுகணை, அதற்கான ரேடார், ரஷ்யாவோடு சேர்ந்து செய்த பிரம்மோஸ் ஏவுகணை, உக்ரைனின் கேஸ் டர்பைன், ஹரித்வார் பிஎச்இஎல் நிறுவனத்தின் 76 மில்லிமீட்டர் பீரங்கி, நீருக்கடியில் ஒலியால் தேடும் பாரத் எலெக்ட்ரானிக்ஸின் சோனார். ஒவ்வொன்றுக்கும் ஒரு இணைப்பு வரைபடம், ஒவ்வொன்றும் தன் பதிப்பு எண்ணோடு.

ஒரு தளத்தில், பெயர் வேண்டாம், சீல் செய்த சட்டத்தை இரண்டாவது ஷிப்டில் யாரோ திறந்து ஒரு கேபிளை நுழைத்துவிட்டு, கிரீஸ் தடவாமல் மூடிப் போய்விட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அருமையாக இருந்தது. அறையில் காற்றழுத்தம் ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தெளித்தபோது ஒரே ஒரு கட்டையின் ஓரத்தில் சின்னக் குமிழி வந்து நின்றது. உடையவே இல்லை, மெதுவாகப் பெரிதானது. அந்தச் சட்டத்தை மொத்தமாகப் பிரித்தோம். அன்றைக்கு எங்களைத் திட்டிய கடற்படை மேற்பார்வைக் குழு அதிகாரிமேல் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால், அடிபட்ட கப்பலில் அந்தச் சுவருக்குப் பின்னால் நிற்கப்போவது அவருடைய ஆட்கள். அவர் அப்படித்தான் பேச வேண்டும்.

ஆறரை வருஷம் என்ன செய்தார்கள் என்றால், அதில் கணிசமான பங்கு இதுதான்.

மே 26

ஷாஃப்ட் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. டர்பைனிலிருந்து கியர்பெட்டி வழியாகப் புரொப்பெல்லர் வரை போகும் தண்டு ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். வெயில் ஏறினால் மேல்தளம் விரிந்து கப்பலே லேசாக வளையும். அதனால் அளவெடுப்பது ராத்திரியில் அல்லது விடியற்காலையில். அப்போது பக்கத்தில் வெல்டிங்கை நிறுத்தச் சொல்வார்கள். 163 மீட்டர் நீள எஃகு, சூரியனுக்கு அசைகிறது என்பதை முதன்முதலில் அளவுகோலில் பார்த்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

மே 29

இன்னொரு சோதனையைச் சொல்லாமல் விட மனமில்லை. கப்பல் சாய்ந்தால் நிமிருமா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள் தெரியுமா? ஊசல் கட்டி.

மேலிருந்து ஒரு நீளக் கம்பியில் குண்டு தொங்கும். குண்டு ஆடாமல் இருக்க எண்ணெய்த் தொட்டியில் முங்கியிருக்கும். தளத்தின் மேல் எடைக்கட்டிகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்துவார்கள். கப்பல் மிகச் சிறிதளவு சாயும். கம்பி எவ்வளவு விலகியது என்று அளவுகோலில் குறிப்பார்கள். அதிலிருந்து கப்பலின் எடைமையம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கணக்கு வரும். காற்று இல்லாத நாள் வேண்டும், கட்டுக்கயிறு தளர்ந்திருக்க வேண்டும், வேண்டாத ஆட்கள் இறங்கிவிட வேண்டும், தொட்டிகளில் எவ்வளவு நீர், எவ்வளவு எண்ணெய் என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் ஏவுகணை வைத்திருக்கும் கப்பலின் உயிர் இந்த ஊசலில் இருக்கிறது.

நாசகாரிக்கு இது குறிப்பாக முக்கியம். கண்ணுக்கு எட்டாத தூரத்தில் வருவதைப் பார்க்க ரேடாரை உயரத்தில் வைக்க வேண்டும். உயரத்தில் வைத்தால் எடைமையம் மேலே போகும். வடிவமைப்பாளர்கள் ஒவ்வொரு கிலோவுக்கும் சண்டை போடுவது இதனால்தான். கப்பலுக்குள் போகிற ஒவ்வொரு சாமானும் எடை போட்டுப் பதிவாகும்.

ஜூன் 2

கடல் ஓட்டம் பற்றி. முதலில் துறையிலேயே கட்டிப்போட்ட நிலையில் ஒவ்வொரு கருவியையும் இயக்கிப் பார்ப்பார்கள். பிறகு யார்டின் பொறுப்பில் கடலுக்குப் போகும். அதற்குப் பிறகு கடற்படை தன் பட்டியலை வைத்துக்கொண்டு சோதிக்கும். முழு வேகம், அதிலிருந்து அவசரமாக நிறுத்துதல், வட்டமடித்தல், நங்கூரம் போட்டு எடுத்தல், பீரங்கியைச் சுட்டு அதைத் தாங்கும் தளம் அசைகிறதா என்று பார்த்தல். நாலு கேஸ் டர்பைனும் சேர்ந்து மணிக்கு 30 கடல்மைலுக்கு மேல் தள்ளும்போது பின்தளத்தில் நின்றால் பற்கள் அதிரும்.

மர்மகோவா முதன்முதலாகக் கடலுக்குப் போனது 2021 டிசம்பர் 19. கோவா விடுதலையின் 60ஆம் ஆண்டு நாள். ஊர்ப் பெயர் வைத்த கப்பலுக்கு நல்ல நாள் பார்த்திருக்கிறார்கள். சேர்ந்தது அடுத்த ஆண்டு டிசம்பர் 18.

சோதனையில் கப்பலின் ஆட்களைவிட யார்டு ஆட்களும் கம்பெனி ஆட்களும்தான் அதிகம். படுக்கை போதாது. நடைபாதையில் அட்டை விரித்துத் தூங்குவோம். ஒருத்தர் தலையைத் தாண்டி இன்னொருத்தர் மல்டிமீட்டரோடு ஓடுவார். எனக்கு அந்த நாட்களை ரொம்பப் பிடிக்கும். நாம் விட்ட கேபிளில் மின்சாரம் ஓடி, அந்தப் பக்கம் திரையில் படம் வருவதைக் கடலில் வைத்துப் பார்க்கிற வாய்ப்பு வேறு எந்த வேலையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஜூன் 3

இதையும் பதிவு செய்ய வேண்டும். 2014 மார்ச்சில், ஐஎன்எஸ் கொல்கத்தா ஆவதற்கு முன்பு வெறும் யார்டு 701 ஆக இருந்த கப்பலில், கரியமில வாயுத் தீயணைப்பு அமைப்பைச் சோதிக்கும்போது வாயு கசிந்து ஒரு கடற்படை அதிகாரி இறந்தார். 2019 ஜூனில், கட்டுமானத்தில் இருந்த விசாகப்பட்டினத்தில் தீப்பிடித்து ஒரு ஒப்பந்தத் தொழிலாளி இறந்தார். இளைஞர்.

கப்பலுக்குள் தீ எவ்வளவு கொடியது என்று வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. குறுகிய வழி, எங்கும் கேபிள் ஓடுகிறது, மேலே ஏற ஒரே ஏணி, விளக்கு போனால் கும்மிருட்டு. கட்டி முடியாத கப்பலில் நிரந்தரத் தீயணைப்பு அமைப்பு வேலை செய்யத் தொடங்கியிருக்காது. ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் வருவதில்லை. படையில் சேர்க்கும் நாளில் வைக்கிற கமிஷனிங் பலகையில் அமைச்சர் பெயர் பொறிக்க இடம் இருக்கிறது. கட்டும்போது இறந்தவர் பெயருக்கும் கப்பலில் ஓர் இடம் கொடுக்கலாம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஜூன் 7

"படையில் சேர்ப்பு விழா வெறும் சடங்குதானே" என்று எழுதியவருக்கு.

அன்றைக்குத்தான் கப்பலுக்கு ஐஎன்எஸ் என்ற முன்னெழுத்து வருகிறது. அதுவரை அது யார்டு எண்தான். விசாகப்பட்டினம் 12704, சூரத் 12707. விழாவுக்கு முன்பே டி-448 என்ற ஏற்புப் பத்திரத்தில் யார்டும் கடற்படையும் கையெழுத்துப் போட்டுவிடும். அந்தக் கையெழுத்தோடு பொறுப்பு கை மாறுகிறது. என்னைப் போன்றவர்களுக்கு அந்தக் கையெழுத்துதான் பெரிய நாள். பாக்கி வேலைகளின் பட்டியல் அதோடு இணைந்திருக்கும், அதில் நம் பகுதி இல்லை என்றால் போதும்.

விழாவில் கமாண்டிங் ஆபீசர் ஆணையை வாசிப்பார். தேசிய கீதம். பின்புறம் கடற்படைக் கொடி ஏறும், பாய்மர உச்சியில் கமிஷனிங் பென்னன்ட் என்ற நீளமான நாடாக்கொடி விரியும். அந்தப் பென்னன்ட் கப்பல் ஓய்வுபெறும் நாள்வரை இறங்காது. கிழிந்தால் மாற்றுவார்கள், அவ்வளவுதான்.

இதில் ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது. விசாகப்பட்டினத்தில் 2021ல் ஏறியது செயின்ட் ஜார்ஜ் சிலுவை உள்ள பழைய கொடி. 2022 செப்டம்பர் 2ஆம் தேதி விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் சேர்ந்த அன்று கொடி மாறியது. ஆக, மர்மகோவாவிலும் இம்பாலிலும் சூரத்திலும் முதல் நாளே சத்ரபதி சிவாஜி முத்திரையைத் தழுவிய எண்கோணச் சின்னம் உள்ள கொடி. ஒரே வடிவமைப்பு, ஒரே யார்டு. மூத்த கப்பல் மட்டும் இரண்டு கொடிகளையும் பார்த்துவிட்டது.

ஜூன் 8

மே 20ஆம் தேதி இரவு "நம் ஊர் உதாரணம்" என்றேனே, அது இதுதான். கொல்கத்தா 2014 ஆகஸ்ட் 16ல் படையில் சேர்ந்தது, பிரதமர் வந்து சேர்த்தார். அதன் முக்கிய வான்பாதுகாப்பு ஏவுகணையான பராக் 8ஐ அந்தக் கப்பலிலிருந்து முதலில் ஏவியது 2015 டிசம்பர் 29, 30 தேதிகளில். பதினாறு மாத இடைவெளி. ஏவுகணைத் திட்டமே தாமதமாகிவிட்டது, கப்பல் காத்துக்கொண்டிருந்தது.

இம்பாலைப் பாருங்கள். 2023 டிசம்பர் 26ல் சேர்ந்தது. அதற்கு முந்தைய மாதமே நீட்டித்த தூர பிரம்மோஸை ஏவிவிட்டது, சேர்ப்பதற்கு முன்பே. வருஷக் கணக்கைவிட இந்த வித்தியாசம்தான் எனக்கு நம்பிக்கை தருகிறது. தேதிக்காகச் சேர்ப்பது குறைந்து, தயாரானதும் சேர்ப்பது கூடியிருக்கிறது.

பெண் அதிகாரிகளுக்கும் மாலுமிகளுக்கும் தங்குமிடம் வடிவமைப்பிலேயே சேர்ந்த முதல் போர்க்கப்பலும் இம்பால்தான். பெண்களுக்குக் கப்பலில் இடம் உண்டா என்று கேட்டவருக்கு நன்றி.

ஜூன் 14

சோங்ஜினில் சாய்ந்த வடகொரியக் கப்பலை நிமிர்த்தி, பழுதுபார்த்து, ராஜின் துறையில் மறுபடி இறக்கிவிட்டதாகச் செய்தி. மூன்று வாரம். ஷாஃப்ட் நேர்கோடு, உள்ளே சாய்ந்து கிடந்தபோது புகுந்த உப்புநீர், கேபிள் எல்லாவற்றையும் மூன்று வாரத்தில் சரிபார்க்க முடியும் என்று நான் நம்பவில்லை. உப்புநீர் தொட்ட இணைப்புப் பெட்டி இன்றைக்கு வேலை செய்யும், ஆறு மாதம் கழித்துப் பச்சை பூத்து நிற்கும். மேலே சொன்னதுதான், மிதப்பதும் முடிவதும் வேறு வேறு.

ஜூன் 15

இத்தனை செலவு செய்து கட்டிய கப்பல்கள் என்ன செய்தன என்ற கேள்விக்கு.

2024 ஜனவரியில் ஏடன் வளைகுடாவில் மார்லின் லுவாண்டா என்ற எண்ணெய்க் கப்பலை ஏவுகணை தாக்கித் தீப்பிடித்தது. உதவி கேட்டதும் போனது ஐஎன்எஸ் விசாகப்பட்டினம். பத்துப் பேர் கொண்ட தீயணைப்புக் குழு அந்தக் கப்பலில் ஏறி, அதன் ஆட்களோடு சேர்ந்து தீயை அடக்கியது. அந்தக் கப்பலில் இருந்த 22 பேர் இந்தியர்கள். அதே மாதத் தொடக்கத்தில் சோமாலியா அருகே கடத்தப்பட்ட லீலா நார்ஃபோக் கப்பலுக்குப் போனது ஐஎன்எஸ் சென்னை. மார்ச்சில் ரூயன் கப்பலை 40 மணி நேரம் துரத்தி, 35 கடற்கொள்ளையரைப் பிடித்து, 17 மாலுமிகளை மீட்டது கொல்கத்தா. பதினோரு வருஷம் இழுத்துக் கட்டினார்கள் என்று மேலே நாம் குறை சொன்ன அதே கொல்கத்தா.

சூரத் 2025 ஏப்ரல் 24ல் கடல்மட்டத்தை ஒட்டிப் பறக்கும் இலக்கை அடித்து வீழ்த்தியிருக்கிறது. சேர்ந்து நூறு நாள்.

ஜூன் 22

கடைசியாக ஒரு தம்பி, பத்தாவது முடித்திருக்கிறேன், இந்த வேலைக்கு எப்படிப் போவது என்று தனியாகக் கேட்டார். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

மசகானில் அப்ரென்டிஸ் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. எட்டாவது, பத்தாவது, ஐடிஐ முடித்தவர்களுக்குத் தனித்தனிப் பிரிவில் அறிவிப்பு வரும், எழுத்துத் தேர்வு உண்டு. எலெக்ட்ரீஷியன், ஃபிட்டர், பைப் ஃபிட்டர், ஸ்ட்ரக்சுரல் ஃபிட்டர், வெல்டர் போன்ற ட்ரேடுகள். அறிவிப்பை யார்டின் சொந்த இணையதளத்தில் மட்டும் பாருங்கள். பணம் கட்டினால் வேலை என்பவரை நம்ப வேண்டாம். கொச்சி, கொல்கத்தா, விசாகப்பட்டினம் யார்டுகளும் அப்ரென்டிஸ் எடுக்கின்றன, அவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த ட்ரேடு என்று கேட்டீர்கள். கை நடுங்காது, பொறுமை உண்டு என்றால் வெல்டர். படம் படித்துப் புரிந்துகொள்ளும் ஆர்வம் இருந்தால் எலெக்ட்ரீஷியன். இந்தி கொஞ்சம் பழகிக்கொண்டு போங்கள், பட்டறையில் அதுதான் ஓடும். டாக்யார்டு ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் யார்டு நடக்கிற தூரம்தான். போன முதல் நாளே பாதுகாப்புக் காலணியைச் சரியான அளவில் கேட்டு வாங்குங்கள், பெரிய அளவைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஏணியில் அது வழுக்கும்.